நாற்பத்திரண்டு கம்பிகள்

சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுகளுக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் பதினேழு விமானங்கள். கண்ணைத் திறக்கக் கூடாதவர்களுக்கு எதிரே வேடிக்கைப் பொருளை வைத்தது யார் யோசனை என்று யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி பெரிய டாக்டருடையது, விமானங்களும் அவருடையவை. எல்லாம் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மாடல்கள். அவர் தன் கையால் வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் பூசியவை. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சின்ன அட்டை: விமானத்தின் வகை, முடித்த தேதி. கடைசி அட்டையின் தேதிக்கு ஆறு வயது.

அந்த ஆறு வருஷத்தை முதலில் கவனித்தவர் அவருடைய மாப்பிள்ளை. அவரும் கண் அறுவை டாக்டர்தான். அதே ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்து மேசை. ஊழியர்களுக்கு அவர் சின்ன டாக்டர்.

பெரிய டாக்டருக்கு அறுபத்துநாலு முடிந்த அன்று, மத்தியான இடைவேளையில் கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஊழியர்கள் பதினாலு பேரும் காகிதத் தட்டுடன் நின்றிருந்தபோது மாப்பிள்ளை ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"பிரிச்சுப் பாருங்க மாமா."

மூடியில் முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றின் படம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. இருநூற்று முப்பத்தாறு பாகங்கள். ஓரத்தில் சிவப்பு எழுத்தில், 'அனுபவசாலிகளுக்கு மட்டும்'.

"கம்பி எத்தனை?" என்றார் பெரிய டாக்டர்.

விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. அந்தக் கால விமானங்களில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மாடலில் அவற்றை நூலால் கட்ட வேண்டும். பெட்டிக்குள் நூல் இருக்காது. குண்டூசி நுழையாத துளைகள் மட்டும் இருக்கும்.

"நாப்பத்திரண்டு. எண்ணிப் பாத்துட்டுதான் வாங்கினேன்" என்றார் மாப்பிள்ளை. பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "நிதானமா செய்யுங்க மாமா. அதுவரைக்கும் ஆபரேஷன் லிஸ்ட்டை நான் பாத்துக்கறேன். இதை முடிச்சு அலமாரியில வச்ச மறுநாள் லிஸ்ட் உங்க கைக்கு வந்துடும். அப்புறம் யாரும் வாயத் திறக்க மாட்டோம்."

ஒருவரும் கேக்கை மெல்லவில்லை. போன மாதம் ஒரு டாக்ஸி டிரைவரின் கண்ணில் பெரிய டாக்டரின் இடுக்கி முனை நடனமாடியதையும், உள்ளே கிழியக் கூடாத மெல்லிய சவ்வு கிழிந்ததையும் தியேட்டர் சிஸ்டர் பார்த்திருந்தார். சிஸ்டர் சொன்னது பெரிய டாக்டரின் மகளிடம் மட்டும். ஆஸ்பத்திரி நிர்வாகம் மகள் கையில் இருந்தது. மகள் சொன்னது கணவரிடம் மட்டும். ஆனாலும் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்திருந்தது. பெரிய டாக்டர் அதற்குச் சொன்ன காரணம் டீ. நாலு வேளை டீயை இரண்டாகக் குறைத்தாயிற்று, கை சரியாகிவிட்டது என்று அவரே அறிவித்தும் விட்டார்.

"பரீட்சை வைக்கிறீங்களா மாப்பிள்ளை?"

"சேச்சே. பிறந்தநாள் பரிசு மாமா."

"எத்தனை மாசம் வேணும்னு நெனச்சீங்க?"

"மூணு மாசம் ஆகும்னு பெட்டியில போட்டிருக்கு."

"ஆறு வாரம்" என்றார் பெரிய டாக்டர். "அதுக்கு மேல ஒரு நாள் ஆனா நானே கத்தியக் கீழ வச்சிடறேன்."

பதினாலு பேர் சாட்சி.

மாப்பிள்ளைக்கு இதில் ஒரு பழைய பாக்கி உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் இங்கே பயிற்சிக்கு வந்தவர். முதல் மாடியில் பயிற்சி அறை. அங்கே ஒரு மைக்ராஸ்கோப், அதில் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு டிவி. ஆட்டுக் கண்ணில் தையல் போடப் பழக வேண்டும். முடியைவிட மெல்லிய கறுப்பு நைலான் நூலில் மூன்று சுற்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. அதுதான் முடிச்சு. பெரிய டாக்டர் பின்னால் நின்று ஒன்றிலிருந்து அறுபதுவரை சத்தமாக எண்ணுவார். அறுபதுக்குள் முடிச்சு விழாவிட்டால் டிவியைக் காட்டி மற்றவர்களைக் கூப்பிடுவார்.

"எல்லாரும் வந்து பாருங்கடா. கையா இது, காத்தாடியா? டேய், நீ போய் மண்டியில மூட்டை கட்டு. அங்க கயிறு தடிமனா இருக்கும்."

அதே பையனுக்கு மகளைக் கொடுத்த கல்யாணத்திலும் இந்தக் கதையைச் சம்பந்திகளிடம் சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளையும் கூடச் சிரித்தார்.

மாடல் வேலை ஆஸ்பத்திரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. தினமும் இரண்டு முதல் நாலு வரை. முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டி எடுத்தார். விளிம்புகளை உரசினார். விமானி உட்காரும் குழியின் உட்பக்கம் மரப்பலகை. மஞ்சள் அடிப்பூச்சு காய்ந்தபின் அதன்மேல் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்து மரவரி காட்ட வேண்டும். கை நடுங்கிய நடுக்கத்தில் வரிகள் வளைந்து நெளிந்து அசல் மரமாகவே வந்துவிட்டன. அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலை மூன்றாவது டீ குடித்தார்.

மூன்றாவது வாரம் வால் பகுதியில் வெள்ளை விளிம்புக் கோடு இழுக்க வேண்டியிருந்தது. டேப் ஒட்டி மறைத்துப் பூசினார். டேப்பையே நேராக ஒட்ட முடியவில்லை. நாலு தடவை அழித்துப் பூசியதில் வண்ணம் தடித்துப் போயிற்று.

"மேசைய ஆட்டாத!" என்று கத்தினார்.

அவர் மனைவி அப்போது சமையலறையில் இருந்தாள்.

அவளை ஆஸ்பத்திரியில் கடையம்மா என்பார்கள். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கடை முப்பத்தோரு வருஷமாக அவள் பொறுப்பு. பவர் எழுதி வரும் சீட்டைப் பார்த்து லென்ஸ் பொருத்துவது, மணல் பருமன் திருகாணிகளை முறுக்குவது, கீழ்ப்பாதி சட்டமில்லாத கண்ணாடிகளுக்கு லென்ஸைத் தாங்கும் நைலான் நூல் மாற்றுவது. பெரிய டாக்டர் அதைப் பெட்டிக்கடை என்பார். கணவனின் தொழிலில் உள்ள ஒரு சொல்லைத் தப்பித் தவறி அவள் பயன்படுத்தினால், "பெட்டிக்கடை பேசுது பாரு" என்பார்.

ஒருநாள் அவள் மேசையைத் துடைக்க வந்தாள். விமானத்தின் முன் கண்ணாடியை அவர் முந்தின நாள்தான் ஒட்டியிருந்தார். விமானியின் முகத்துக்கு முன்னால் நிற்கும், நகத்தில் பாதி அளவுள்ள ஒளி ஊடுருவும் துண்டு. சீக்கிரம் பிடிக்கட்டும் என்று உடனடிப் பசையைப் போட்டு, தூசி விழாமலிருக்கப் பெட்டி மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்தப் பசையின் ஆவி போக வழியில்லாவிட்டால் அருகில் உள்ள கண்ணாடித் துண்டின்மேல் படிந்துவிடும். மாடல் செய்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே கற்கும் பாடம் அது. அவருக்கும் தெரியும். மறந்திருந்தார். மூடியை எடுத்தபோது துண்டு பால்போல வெளுத்திருந்தது.

"ஐயோ, புரை விழுந்த மாதிரி இருக்கே" என்றாள் அவள். கேலியே இல்லாமல்.

"ஓஹோ. பெட்டிக்கடை எனக்குப் புரையைப் பத்திப் பாடம் எடுக்குதா? யாருடி மூடியத் தொட்டது?"

"நீங்கதான் மூடினீங்க."

"நான் மூடினேன். நீ அழுத்தி வச்ச. எதுலயாவது கைய வைக்காம இருக்கியா நீ? முப்பது வருஷமா பாக்கறேன், நீ தொட்டது ஒண்ணு உருப்பட்டிருக்கா?"

அன்று மாடலைத் தொடாமல் அவர் தூங்கப் போன பிறகு அவள் அந்தத் துண்டைப் பெயர்த்துக் கடைக்கு எடுத்துப் போனாள். புதுச் சட்டங்களில் மாதிரிக்காகப் போட்டு வரும் பவர் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை எடுத்து, அதிலிருந்து அதே வடிவத்தில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வெள்ளைப் பசையில் ஒட்டிவிட்டாள். நாலு மணிக்கு அவர் எழுந்து வந்து பார்த்தார். பெட்டியில் வந்ததைவிட மெல்லியது. விளிம்பில் பசை தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு, "இந்தா, உக்காரு" என்றார். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு.

நாற்பத்திரண்டு கம்பிகளில் அதுவரை அவர் கட்டியது ஒன்று. அது தொய்ந்து கிடந்தது. ஆபரேஷன் நூலையே கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். மூணு, ஒண்ணு, ஒண்ணு. அவளுக்கு அது கையில் வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யட்டுமா?"

நூலின் நுனியைச் சூடான ஊசியால் தொட்டாள். அது உருகிச் சுருண்டு கடுகில் பத்தில் ஒரு பங்காய் ஒரு மணி ஆனது. மறுமுனையைத் துளைவழியே விட்டு இழுத்தாள். மணி துளையில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. எதிர்த் துளையிலும் இழுத்துப் பிடித்து அதேபோல ஒரு மணி. கம்பி விறைத்து நின்றது. பாதிச் சட்டக் கண்ணாடிகளுக்கு அவள் நூல் மாற்றும் விதம் அது. வேறு எந்தக் கடையிலும் அப்படிச் செய்வதில்லை.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "யாருக்குத் தெரியப் போகுது, செய்" என்றார். அன்றைக்கு அவர் செய்த தவறு அதுதான். அடித்துப் புகட்டிய முடிச்சை, அடி வாங்கியவன் மறந்திருப்பான் என்று நினைத்தது.

அவர் கட்டிய தொய்ந்த ஒன்றையும் அறுத்துவிட்டு, பதினாறு நாள் அவள் கட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏவினார். "இழு. அவ்வளவு இழுக்காத. கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?" அவள் குனிந்திருக்கும்போதும் மேசையை ஆட்டாதே என்றார். இருபத்தெட்டு முடிந்த அன்று பழைய நண்பர் ஒருவர் போனில் வந்தார். "நடந்துக்கிட்டிருக்கு. இருபத்தெட்டு கட்டிட்டேன். கையா? கையெல்லாம் அப்படியேதான் இருக்கு" என்று இவர் சொல்வதை, இருபத்தொன்பதாவது துளையில் நூலை நுழைத்துக்கொண்டே அவள் கேட்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டிலும் 'கட்டிட்டேன்' என்றே சொல்லத் தொடங்கினார். ஏமாற்றுவதாக அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நாற்பத்திரண்டாவதை இறுக்கிய பிறகு அவள் இடுக்கி முனையால் அதைச் சுண்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கில்ல?"

"உன் கைக்குத் தப்பிச்சு இறக்கை ரெண்டும் மிச்சமிருக்கே, அதுவே பெருசு" என்றார்.

ஆறு வாரம் முடிய மூன்று நாள் இருந்தபோது, சனிக்கிழமை மத்தியானம், எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். அலமாரியில் பதினெட்டாவது இடம் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அட்டையில் தேதியும் எழுதியாயிற்று. ஆனால் மாப்பிள்ளை மாடலைப் பலகையோடு பதனமாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"எங்க மாப்பிள்ளை?"

"இவ்வளவு நுணுக்கமான வேலைய வெறுங்கண்ணால பாத்தா உங்களுக்கு அவமரியாதை மாமா."

பயிற்சி அறையில் மைக்ராஸ்கோப்பின் கீழ் விமானத்தை வைத்தார். டிவியில் இறக்கை ஓரம் பெரிதாக விரிந்தது. பதினாலு பேரும் சுவரோரம் நின்றார்கள். மகள் ஜன்னல் பக்கம். கடையம்மா கடைசியாக வந்து, கடைச் சாவியைக் கையில் வைத்தபடி கதவருகே நின்றாள்.

மாப்பிள்ளை தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு லென்ஸில் கண்ணைப் பதித்தார். ஒரு கம்பியின் அடியிலிருந்து அடுத்ததன் அடிக்குப் போனார். ஒவ்வொரு துளையிலும் ஒரு கறுப்பு மணி. ஐந்தாறு பார்த்ததும் நிமிர்ந்தார். மேசையில் கிடந்த தன் கண்ணாடியை எடுத்து விளிம்பைப் பார்த்தார். அது பாதிச் சட்டக் கண்ணாடி. போன மாதம்தான் கீழே கடையில் நூல் மாற்றிக்கொண்டது. அவர் உதடு லேசாக விரிந்தது.

"அற்புதம் மாமா. ஒரு கம்பிகூடத் தொய்யல. நாப்பத்திரண்டும் நீங்களேதானே?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரனா வந்து கட்டுவான்?"

"யாரும் கை கொடுக்கல?"

"மாப்பிள்ளை, இந்த வீட்ல கை இருக்கறது எனக்கு மட்டும்தான்."

ஊழியர்களில் ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கதவருகே கடையம்மா சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் மாப்பிள்ளை மேசைமேல் இருந்த கருவித் தட்டிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். டிவியில் அதன் முனை பெரிய அலகுபோல வந்து, நடுவில் இருந்த கம்பி ஒன்றைக் கடித்தது. நூல் இரண்டாகச் சுருண்டு விலகியது.

"அடடா. தெரியாம பட்டுடுச்சு" என்றார். "உங்களுக்கு ஒரு நிமிஷ வேலைதானே மாமா? கட்டிடுங்க. பசங்களும் பாத்துக் கத்துக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டார். புது நூலை உறையிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்தார். பெரிய டாக்டர் உட்கார்ந்தார். உட்காராமலிருக்க ஒரு காரணம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எழுதிய அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

இடுக்கி டிவிக்குள் வந்தது. வரும்போதே ஆடிக்கொண்டு வந்தது. நூலைப் பிடிக்கப் போய் இரண்டு முறை காற்றைப் பிடித்தது.

"ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை, அவர் பின்னால் நின்றுகொண்டு. "ரெண்டு. மூணு."

சிஸ்டர் தரையைப் பார்த்தார். பதினெட்டில் நூல் பிடிபட்டது. இருபத்தேழில் விழுந்தது. முப்பதைத் தாண்டியதும் மகள், "போதும், விடுங்க" என்றாள்.

"உங்கப்பா அறுபது வரைக்கும் எண்ணுவார்" என்றார் மாப்பிள்ளை. "முப்பத்தஞ்சு. முப்பத்தாறு."

நாற்பத்தொன்றில் இடுக்கி இறக்கைகளுக்கு நடுவே இருந்த தூண் ஒன்றில் மோதியது. பயிற்சி அறையில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தூண் ஒடிந்து சாய்ந்து பக்கத்துக் கம்பிகளில் தொங்கிற்று. கம்பிகள் அறுபடவில்லை. மேல் இறக்கையும் அசையவில்லை. அவை அவ்வளவு விறைப்பாக இருந்தன.

பெரிய டாக்டர் இடுக்கியைத் தட்டில் எறிந்தார்.

"இதையெல்லாம் கட்டினது இவ!" கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டிய இடத்திலேயே நடுங்கியது. "ஒரு முடிச்சுப் போடத் தெரியுதா பாருங்க! மணி மணியா உருட்டி வச்சிருக்கா. பெட்டிக்கடை வேலை. பாவம்னு பக்கத்துல உக்கார வச்சேன், என் பேரக் கெடுத்துட்டா. நான் கட்டியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது!"

"அப்ப நீங்க கட்டலையா மாமா?" என்று மெதுவாகக் கேட்டார் மாப்பிள்ளை.

பெரிய டாக்டர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை கதவுப் பக்கம் திரும்பினார். "அத்தை, உங்க கிளவுஸ் சைஸ் என்ன? திங்கக்கிழமை லிஸ்ட்ல ஒம்பது பேர் இருக்காங்க."

ஊழியர்கள் சிரித்தார்கள். வாட்ச்மேன்தான் முதலில். பிறகு எல்லோரும். பெரிய டாக்டரைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவள்மேல் வந்து விழுந்தது.

கடையம்மா சாவியை இடுப்பில் செருகினாள். கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள்.

"எந்திரிங்க" என்றாள் கணவனிடம்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். அவர் எழுந்துகொண்டார்.

வாட்ச்மேனிடம் லைட்டர் கேட்டாள். சிஸ்டர் கேட்காமலே ஓர் ஊசியை எடுத்துக் கொடுத்தார். அவள் லென்ஸின் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டாள். டிவியில் இரண்டு கைகள் வந்தன. ஒட்ட வெட்டிய நகம். கட்டைவிரலில் கண்ணாடிச் சட்டம் வளைக்கும் அடுப்பு சுட்ட பழைய தழும்பு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். திரையில் அந்தக் கைகள் படம்போல நின்றன. ஒடிந்த தூணை முதலில் நிமிர்த்தின. சூட்டில் மணி உருண்டது. நூல் துளையைத் தேடவில்லை, நேரே போய் நுழைந்தது. மாப்பிள்ளை எண்ண வாயெடுத்தவர் எண்ணவில்லை. தன் கண்ணாடியைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டரும் பார்த்தார். பிறகு, அறுபத்துநாலு வயதுக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தெரியட்டும் என்றோ, நிற்க ஏதாவது பிடிமானம் வேண்டும் என்றோ, மேசை விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தார்.

திரையில் விமானம் நடுங்கத் தொடங்கியது. இறக்கை, தூண், நாற்பத்தொரு கம்பிகள் எல்லாம் சேர்ந்து பொடிப்பொடியாக அதிர்ந்தன. நூலைப் பிடித்திருந்த கைகள் நடுவழியில் நின்றன.

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேசைய ஆட்டாதீங்க" என்றாள்.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவர் அதை மேசையிலிருந்து எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.